எழுபத்தைந்து வீத மாமாங்கம்

"அறுபத்தெட்டாம் ஆண்டு நீர் எங்க நிண்டு பாத்தனீர்? வேலிக்கு உள்ளயோ, வெளியயோ?"

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் அடிமட்டமும் பென்சிலுமாக மாமாங்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் விபோர்க் நகரத்திலிருந்து ஒரு மனிதர் திணறுகிறார். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எல்லே விளையாட்டின் பழைய வீரர்களைத் தெரிவு செய்யும் வாக்காளர் இடாப்பில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

"பனையில ஏறி இருந்து பாத்தனீரோ? நல்லது. எந்தப் பனை?" கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்கிறார். "தம்பி, அந்த வெளியில பனை இல்லை. ரெண்டு தென்னையும் ஒரு வேம்பும்தான் நிண்டது. வடிவா யோசிச்சுப்போட்டு அடுத்த வருசம் எடும்."

ரிசீவரை வைத்துவிட்டு, பட்டியலில் ஒரு பெயரின் மேல் அடிமட்டத்தை வைத்து நேராகக் கோடு இழுக்கிறார். வெறும் கையால் இழுத்த கோட்டில் அவருக்கு நம்பிக்கையில்லை. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் ஒவ்வொரு தை மாதமும், காலை வேலை முடிந்து வந்து, சோறு தின்று, சட்டை மாற்றிக்கொண்டு அவர் செய்கிற முதல் அலுவல் இதுதான். மட்டக்களப்புப் பக்கத்து விளையாட்டு வெளிகளில் பத்து வருடமாவது எல்லே பார்த்தவருக்கே வாக்கு. பார்த்தேன் என்று சொன்னால் போதாது, எங்கே நின்று பார்த்தாய் என்று சொல்ல வேண்டும்.

எல்லே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு, நிலைக்கு நிலை ஓடிச் சுற்றி வரவேண்டும். ஓடுகிறவர் மேல் எதிரணியினர் பந்தை எறிந்து பட்டுவிட்டால் அவருடைய கதை முடிந்தது. கோடையில் நம்மவர்கள் பள்ளிக்கூடப் புல்வெளியில் இதை ஆடும்போது, நாயைக் கொண்டு நடக்கிற டெனிஷ்காரர்கள் நின்று பார்ப்பார்கள். "ஓ, ருண்ட்போல்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்களிடமும் இதுமாதிரி ஒன்று உண்டு, பள்ளிப் பிள்ளைகள் ஆடுவது. முப்பத்தைந்து வயதுக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க அதை ஆடுவதும், எல்லைக்கோட்டில் நின்று இன்னும் பத்துப் பேர் சட்டம் பேசுவதும் அவர்களுக்கு விளங்குவதில்லை.

மாமாங்கத்துக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பின்னல் துணி செய்கிற ஒரு தொழிற்சாலையில் துணி பார்ப்பவர். உருளையிலிருந்து துணி மெல்ல இறங்கி வரும். பின்னால் வெளிச்சம் எரியும். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். ஓர் இழை அறுந்திருந்தால் யந்திரத்தை நிறுத்திச் சிவப்பு நூலால் அடையாளம் போடுவார். மற்றவர்கள் சின்னப் பிழைகளைக் கண்டும் காணாமல் விடுவதுண்டு. இவர் விடமாட்டார். "ஓட்டை சின்னனோ பெரிசோ, ஓட்டை ஓட்டைதானே?" என்பார். மேற்பார்வையாளருக்கு இவரைப் பிடிக்கும், தைக்கிற பெண்களுக்குப் பிடிக்காது.

இந்தத் தேர்தல் பைத்தியம் பிடித்ததும் அந்தத் தொழிற்சாலையில்தான். எண்பத்தெட்டில், மதிய உணவு மேசையில் பக்கத்தில் இருக்கும் பென்ட் என்ற டெனிஷ்காரர் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அவருடைய தமையன் சிக்காகோவில் குடியிருக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்கு வந்த பொதிக்குள் கண்ணாடிச் சாமான் உடையாமலிருக்கச் சுற்றி அனுப்பிய தாள் அது. பேஸ்போல் விளையாடி ஓய்ந்தவர்களை எப்படி வாக்குப் போட்டுப் புகழ் மண்டபத்தில் சேர்க்கிறார்கள் என்று அதில் அரைப்பக்கம் எழுதியிருந்தது. பென்ட் அதை வேடிக்கைக்குக் காட்டினார். மாமாங்கம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியை வைத்து, நான்கு நாள் உட்கார்ந்து படித்தார்.

படிக்கப் படிக்க அவருக்குப் புல்லரித்தது. ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் கழிந்த பிறகுதான் பெயரை எடுத்துப் பார்ப்பார்களாம், சூடு ஆறட்டும் என்று. பத்து வருடம் விளையாட்டைப் பார்த்து எழுதிய பத்திரிகைக்காரருக்குத்தான் வாக்காம். வந்து சேர்ந்த தாள்களில் நூற்றுக்கு எழுபத்தைந்தில் பெயர் இருக்க வேண்டுமாம். பதினைந்து வருடம் முயன்றும் கிடைக்காவிட்டால் பெயர் போய்விடுமாம். நூற்றுக்கு ஐந்துகூட விழாதவர் அந்த வருடமே வெளியே. எத்தனையோ சூரர்கள் இருந்தும் இதுவரை ஒருவருக்கும் நூறு வீதம் விழுந்ததில்லையாம். இந்தக் கடைசிச் செய்தி அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. "ஐம்பத்தொரு வீதம் எடுத்தால் மந்திரியாகலாம், மச்சான். இதுக்கு எழுபத்தஞ்சு வேணும்" என்று விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அன்றிலிருந்து பக்கத்து நகரமான ஹேர்ணிங் வரைக்கும் அவருக்கு 'எழுபத்தஞ்சு மாமாங்கம்' என்று பெயர்.

அப்போது அவர் தனிக்கட்டை மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தார். மனைவி இராசலட்சுமியும் மகள் நிரஞ்சலாவும் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கான விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கேட்டெழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஊர்பேர் தெரியாத குளிரில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தால் எவருக்கும் பித்துப் பிடிக்கும். மாமாங்கம் அதற்குப் பதிலாகச் சட்டம் எழுதினார். ஒருவருடைய விண்ணப்பமும் காரணமில்லாமல் கிடக்காத சட்டம்.

அமெரிக்கச் சட்டத்தை அப்படியே எடுக்க முடியவில்லை. அங்கே ஒரு தாளில் பத்துப் பேர் எழுதலாம்; இங்கே மூன்று போதும். அங்கே பதினைந்து வருடம் என்பதை இவர் ஐந்தாக்கினார். "பதினைஞ்சு வருசம் ஒரே நாட்டில இருப்பம் எண்டு எங்களுக்கு ஆர் கையெழுத்து வைச்சுத் தந்தது?" என்று கேட்டார்.

பெரிய சிக்கல் ஓய்வு பெற்ற தேதியில் வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர் தொப்பியைக் கழற்றி, கூட்டத்துக்குக் கையசைத்து, அழுதுவிட்டு ஓய்வு பெறுகிறார். நம்மவர்கள் ஒருவரும் ஓய்வு பெறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியில் இராணுவ வாகனம் நின்றது. கடைசியில் மாமாங்கம்தான் தீர்ப்புச் சொன்னார். கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய நாள்தான் ஓய்வு பெற்ற நாள். அங்கேயே இறந்தவர்களுக்கு இறந்த நாள்.

தெரிவானவர்களின் பெயர்களுக்கு ஒரு பலகை உண்டு. தேக்கு நிறம் பூசிய பலகை, வெள்ளை எழுத்து. மண்டபம்தான் இல்லை. நகரசபையின் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும்போது, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். ஆகவே அந்தப் புகழ் மண்டபம் வருடம் முழுவதும் மாமாங்கத்தின் காரின் பின்பெட்டியில், ஒரு பழைய போர்வை சுற்றிக்கொண்டு, பனித் தள்ளுக்கட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும். கூட்டம் நடக்கும்போது ஒரு நாற்காலியில் சாத்தி வைப்பார்கள். நான்கு வருடத்தில் மூன்று பெயர்தான் ஏறியிருக்கிறது. அதில் ஒருவர் உயிரோடில்லை. இன்னொருவர் நவரத்தினம், ரொறன்ரோவில் இருக்கிறார். செய்தி போனதும் பதில் எழுதியிருந்தார்: "மச்சான், இஞ்ச நான் இரவுபகலாச் சாமான் தூக்கிறன். முழங்கால் ஒவ்வொரு நாளும் நோகும். உன்ர கடிதம் வந்த அண்டைக்கு நோகேல்ல." அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் உரத்து வாசித்தபோது மாமாங்கம் பாதியில் நிறுத்தினார். மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தார்.

ஏனென்றால், சொல்லிவிட வேண்டியதுதான், மாமாங்கமும் ஒரு வேட்பாளர்.

பதினாறு வருடம் ஆடியவர். அடிகாரர் அல்ல, எறிகாரர். எல்லைக்கோட்டில் நின்று, ஓடுகிற மனிதனின் காலை நாற்பது யார் தூரத்திலிருந்து பந்தால் தொடுவார். இடுப்புக்கு மேலே ஒருநாளும் எறிந்ததில்லை. எதிரணிக்காரரும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். ஆனால் சனம் நினைவில் வைத்திருப்பது ஓட்டம் எடுத்தவனையே. ஓட்டத்தைத் தடுத்தவனை நினைக்க யாருக்கு நேரம்? முதல் வருடம் பதினெட்டுத் தாளில் ஒன்பதில் அவர் பெயர் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஏறி, போன வருடம் இருபத்தொன்றில் பதினான்கு வந்தது. பதினாறு வேண்டும். இந்தத் தொண்ணூற்று மூன்று அவருக்கு ஐந்தாவது வருடம், கடைசி வருடம்.

அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். யாராவது கேட்டால், "பேர் கிடந்தால் கிடக்கட்டும், போனால் போகட்டும்" என்பார். ஆனால் தேர்தல் நாளில் இரண்டு முறை முகச்சவரம் செய்வார். தொழிற்சாலையில் துணி பார்க்கிற மனிதன், நகரசபைக் கோப்பில் ஓர் இலக்கம், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் எவரும் வந்து உட்காராத ஒருவன். இதற்கெல்லாம் முன்னால் தான் வேறொருவனாக இருந்ததை, பார்த்தவர்கள் பார்த்தோம் என்று எழுதித் தரவேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது. ஆசையை அடக்கி அடக்கி அது முகத்தில் எழுதி ஒட்டினமாதிரி ஆகிவிட்டது.

வேலியே பயிரை மேயக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே அவர் பொறுப்பிலிருந்து விலகப் பார்த்தார். சட்டம் தெரிந்த வேறு ஆளில்லை என்று விடவில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு: அவருக்கு வாக்கில்லை. தாளை விரித்து வாசிப்பது எமிலியா. எமிலியா மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் வேலை, எல்லேயைக் கண்ணாலும் பார்த்ததில்லை, பார்க்கும் விருப்பமும் இல்லை. "அண்ணை, எனக்கு இதில ஆர் ஆரெண்டே தெரியாது. பேரை வாசிக்கச் சொன்னால் வாசிப்பன்" என்று சொன்னார். அதைவிட நல்ல தகுதி வேறென்ன? மாமாங்கம் கோடு போடுவார், தாள் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வார்.

தீர்ப்பில் ஒன்று மட்டும் மூன்று வருடமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு தாள் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விழும். நம்மவர்களின் மரியாதை அப்படி. மூன்று பேரை எழுதினால் மற்றவர் மனம் நோகுமே என்று ஒருவரையும் எழுதாமல் மடித்துப் போடுவது. ஆனால் சட்டத்தில் வெற்றுத் தாளும் ஒரு தாள், மொத்தத்தில் சேரும். யாருக்கும் போடாத வாக்கு எல்லோருக்கும் எதிராக விழுந்துவிடும். போட மனமில்லாவிட்டால் பெட்டிப் பக்கமே வராமல் வீட்டில் இருப்பது புண்ணியம். இதை அவர் கூட்டத்துக்குக் கூட்டம் விளக்கினார். விளக்கும்போது ஸ்கீவயிலிருந்து வரும் சிவபாலனைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். "எல்லாரும் நல்ல ஆக்கள்தானே" என்று எந்தச் சண்டையிலும் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். சிவபாலனும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

பெண்களுக்கு வாக்குண்டா என்று ஒருமுறை வழக்கு வந்தது. மாமாங்கம் அமெரிக்கச் சட்டத்தைத் திறந்து பார்த்தார். "பத்து வருசம் பாத்த ஆள் எண்டுதான் கிடக்கு. மீசை கேக்கேல்ல" என்று முடித்துவிட்டார். அப்படித்தான் இராசலட்சுமி இடாப்பில் வந்தார். அவர் பிறந்த வீடு விளையாட்டு வெளிக்குப் பக்கத்து வளவு. கிணற்றடியில் நின்று பன்னிரண்டு வருடம் பார்த்தவர். மாமாங்கம் எறிவதையும் அங்கே நின்றுதான் முதலில் பார்த்தார்.

இராசலட்சுமி தொண்ணூறாம் ஆண்டுக் கோடையில்தான் வந்து சேர்ந்தார். கணவரின் பெயரைச் சொல்லமாட்டார். 'இவர்', 'எங்கட ஆள்', 'நிரஞ்சலாவின்ர அப்பா' என்பார். டெனிஷ் மொழி வகுப்பில் முதல் நாள் ஆசிரியை, "என் கணவரின் பெயர்..." என்று தொடங்கி ஒவ்வொருவரையும் முடிக்கச் சொன்னாராம். இவர் கொஞ்சம் யோசித்து, தனக்குத் தெரிந்த ஒரேயொரு டெனிஷ் ஆண்பெயரைச் சொல்லி, "பென்ட்" என்று முடித்தாராம். ஆறு மாதம் அந்த ஆசிரியை தெருவில் கண்ட இடத்தில் "பென்ட் சுகமா?" என்று கேட்டார். "நல்ல சுகம்" என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் உண்மையான பென்ட் இதைக் கேட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இந்தத் தை மாதம் தேர்தல் நடந்த வாரம் நாடே வேறு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தது. தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்கள் மேலிடத்து உத்தரவால், சட்டத்துக்கு மாறாக, வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டன என்று விசாரணை அறிக்கை வந்தது. அரசாங்கம் விலகியது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் மாமாங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தன் குடும்பத்தின் விண்ணப்பத் தேதியையும் அவர்கள் வந்திறங்கிய தேதியையும் அச்சொட்டாகச் சொன்னார் மாமாங்கம். மேலே ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டதற்கு, "ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு தேர்தல் கிடக்கு, அலுவலா இருக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் தாள்களை எண்ணினார்கள். வெளியே பனி பெய்து, பெய்தது பாதி கரைந்து சேறாகக் கிடந்தது. அடுக்களையில் பெண்கள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பலகை நாற்காலியில் சாத்தியிருந்தது. எமிலியா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக விரித்தார். "செல்வரட்ணம். மாமாங்கம்." கோடு. "செல்வரட்ணம்." கோடு. சந்தேகமான தாளைத் தனியே வைத்துக் கடைசியில் பார்ப்பது வழக்கம். ஒன்பதாவது தாளை விரித்தவர், அதை மேசை ஓரத்தில் வைத்தார்.

இருபது தாள் முடிந்தபோது அடிகாரர் செல்வரட்ணத்துக்குப் பதினேழு. அவர் ஏறிவிட்டார், கைதட்டினார்கள். மாமாங்கத்துக்குப் பதினைந்து. கைதட்டல் பாதியில் நின்றது, ஏனென்றால் மண்டபத்தில் இருந்த எல்லோரும் அந்த நேரம் கணக்கு வாத்தியார்களாக மாறிவிட்டார்கள். இருபதில் பதினைந்து என்றால் எழுபத்தைந்து, பொட்டு வைத்தமாதிரி. இருபத்தொன்றில் பதினைந்து என்றால் போதாது.

எமிலியா ஓரத்திலிருந்த தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். "அண்ணை, இதில ஒண்டுமே எழுதேல்ல. செல்லாதெண்டு போடட்டோ?"

செல்லாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அங்கே ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள், மனதாரக் கைதட்டியிருப்பார்கள். மாமாங்கத்தின் பென்சில் தாளின் மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

"செல்லும்," என்றார். "வெற்று எண்டு போடும், தங்கச்சி. மொத்தம் இருபத்தொண்டு."

எமிலியா போட்டார். மாமாங்கம் எழுந்து முடிவை வாசித்தார். "செல்வரட்ணம் பதினேழு, தெரிவு. மாமாங்கம் பதினைந்து, தெரிவில்லை. ஐந்தாம் வருடம் முடிந்தபடியால் பெயர் நீக்கம்." தன் பெயரை வேறு யாருடையதோ மாதிரி வாசித்தார். பிறகு, தாங்கமாட்டாமல், சிவபாலனைப் பார்த்தார்.

சிவபாலன் எழுந்துவிட்டார். "மாமாங்கம், பிள்ளைகள் மேல ஆணை, நானில்லை. நான் ஒரு முறையும் வெற்றுத் தாள் போட்டதில்லை. அஞ்சு வருசமும் உம்மட பேரை எழுதினனான்."

"அப்ப ஏனப்பா தலையைக் குனிஞ்சுகொண்டிருந்தனீர்?"

"நீர் சத்தம் போட்டனீர். நான் என்ன செய்ய?"

எண்ணிய தாள்களை அன்றே கிழித்து எறிய வேண்டும். யார் யாரை விட்டார் என்று பிறகு ஊர்ச் சண்டை வரக்கூடாது. மாமாங்கம் தாள்களை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். குப்பை வாளி அங்கேதான் இருந்தது. மற்றப் பெண்கள் தட்டுகளோடு மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். இராசலட்சுமி மட்டும் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டீங்களோ?"

"இல்லை." ஒவ்வொரு தாளாகக் கிழித்து வாளிக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "ஒரு தாளால போச்சு. ஆரோ வெற்றுத் தாள் போட்டிருக்கு."

"வெற்றுத் தாள்தானே? அது ஒருத்தருக்கும் சேராது. அதால என்ன நட்டம்?"

அவர் கிழிப்பதை நிறுத்தாமல், மண்டபத்தில் மூன்று வருடமாக விளக்கியதை அடுக்களையில் முதன்முதலாக விளக்கினார். போடாமல் விட்டிருந்தால் இருபதில் பதினைந்து, ஏறியிருக்கலாம். பெயர் எழுதியிருந்தால் இருபத்தொன்றில் பதினாறு, அப்போதும் ஏறியிருக்கலாம். வெற்றாகப் போட்டதால்தான் போயிற்று.

இராசலட்சுமி சட்டியை வைத்த இடத்திலேயே நின்றார். "அது என்ர தாள்."

மாமாங்கம் திரும்பிப் பார்த்தார். கையில் அந்த ஒரு தாள்தான் கிழிபடாமல் மிச்சம் இருந்தது. "மூண்டு வருசமும் நீதானோ?"

"ஓம்."

"ஏன் புள்ள?"

"உங்களை விட்டுப்போட்டு வேற ஆளின்ர பேரை எழுத எனக்கு மனம் வரேல்ல. உங்கட பேரை எழுதப் பயம்."

"புருசன் பேர் சொல்லக்கூடாதெண்டோ? இது வெறும் தாள்தானே."

"அதுவும் தாள்தானே!" என்றார் இராசலட்சுமி. கண் கலங்கிவிட்டது. "கொழும்பில அந்த விண்ணப்பத்தில உங்கட பேரை என்ர கையால எழுதினன். கலியாணம் கட்டி அதுதான் முதல் தரம். எழுதிக் குடுத்த தாள் மூண்டு வருசம் கிடந்துபோச்சு. பிள்ளையையும் வைச்சுக்கொண்டு அந்த அறைக்குள்ள ஒவ்வொரு நாளும் யோசிச்சன், நான் எழுதினதாலதான் கிடக்குதெண்டு. இன்னொரு தாளில எழுதி, இதையும் கெடுக்கச் சொல்லுறீங்களோ?"

இதை அவர் ஐந்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மண்டபத்தில் யாரோ செல்வரட்ணத்தைப் பேசச் சொல்லி மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. மாமாங்கத்துக்குப் பலகையும் மறந்துபோயிற்று, பதினைந்தும் மறந்துபோயிற்று.

"இஞ்ச பார் புள்ள. அந்தத் தாள் கிடந்தது உன்னால இல்லை. அவங்கள் மறிச்சு வைச்சவங்கள். இந்தக் கிழமை பேப்பரில எல்லாம் வந்திருக்கு."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்கள். என்ர தாளும் அதுக்குள்ள கிடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். திகதி வைச்சுப் பாத்தனான். நீ எண்பத்தேழு கார்த்திகையில குடுத்தனீ. அதுக்கு முன்னமே மறிச்சுப்போட்டாங்கள். உனக்கு முன்னால குடுத்ததும் கிடந்தது, பின்னால குடுத்ததும் கிடந்தது. உன்ர தாளின்ர பிரதி என்னட்டக் கிடக்கு. ஒவ்வொரு எழுத்தாப் பாத்தனான். அதில ஒரு பிழையும் இல்லை."

மாமாங்கம் பார்த்துப் பிழையில்லை என்று சொன்னால் பிழையில்லை. இது இக்காஸ்டில் எல்லோருக்கும் தெரியும், இராசலட்சுமிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஈரக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். கணவரின் கையிலிருந்த வெற்றுத் தாளை வாங்கினார். அவருடைய காதுக்கு மேலே செருகியிருந்த பென்சிலை எடுத்து, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து மேசையில் தாளை வைத்து, தாளின் மேல்பக்கத்தில் எழுதினார். முதலில் மாமனாரின் பெயரெழுத்து, ஒரு புள்ளி, பிறகு முழுப் பெயர். பிள்ளைகள் எழுதுவதுபோல அழுத்தி எழுதி, அவரிடம் நீட்டினார்.

"எண்ணி முடிஞ்சுது, புள்ள."

"தெரியும். வைச்சிருங்கோ."

மாமாங்கம் அதை வாங்கிக்கொண்டு நின்றார். எண்ணிய தாள் கிழிபட வேண்டும், சட்டம் சட்டம்தான். பெயருக்குக் கீழே நகத்தை வைத்து அழுத்தி, ஓர் எழுத்திலும் படாமல், நேராகக் கிழித்தார். கீழே வெற்றாக இருந்த துண்டை வாளிக்குள் போட்டார். மற்றத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டினார்.